சேர்வதா, இருப்பதா, பேரூராட்சி கேட்பதா: மாநகர ஓரத்து ஊர் ஒன்றின் கணக்கு

எங்கள் ஊரில் இப்போது மூன்று கட்சி. கொடி கட்டிய கட்சிகளைச் சொல்லவில்லை. திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்துவிடலாம் என்பவர்கள் ஒரு பக்கம். ஊராட்சியாகவே இருப்போம் என்பவர்கள் ஒரு பக்கம். இரண்டும் வேண்டாம், தனிப் பேரூராட்சியாகக் கேட்போம் என்பவர்கள் இன்னொரு பக்கம். டீக்கடையில் தொடங்கும் பேச்சு கிராம சபையில் வந்து நிற்கிறது. அங்கேயும் முடிவதில்லை.

2025 ஜனவரியில், 16 மாநகராட்சிகளோடு 4 நகராட்சிகள், 5 பேரூராட்சிகள், 149 ஊராட்சிகளை இணைக்கப்போவதாக அரசு அறிவித்தது. அன்றிலிருந்து மாநகரங்களின் ஓரத்தில் இருக்கும் ஊர்களில் எல்லாம் இதே கதைதான். பல இடங்களில் மறியல் நடந்தது, கலெக்டர் அலுவலகத்தில் மனுக்கள் குவிந்தன. எங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் மாநகராட்சியின் எல்லைப் பலகை எங்களுக்கு நடந்து போகும் தூரம். அடுத்த பட்டியலில் தப்பிப்போம் என்று யாரும் நம்பவில்லை.

நான் முதலில் ஊராட்சியாகவே இருக்க வேண்டும் என்ற பக்கம் நின்றவன். இப்போது மாறியிருக்கிறேன். எல்லாரும் வரியையும் நூறு நாள் வேலையையும் வைத்துப் பேசுகிறார்கள். இரண்டும் பெரிய விஷயம்தான். ஆனால் என்னை மாற்றியது சாக்கடை. சேலம், மதுரை, திருநெல்வேலி ஓரங்களில் இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கும் உதவலாம் என்று முழுக் கணக்கையும் எழுதுகிறேன்.

ஊராட்சியாகவே இருந்தால்

இதன் பெரிய பலம், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் தலைவரை டீக்கடையில் பிடித்துச் சொல்லிவிடலாம். தண்ணீர் வரவில்லை என்றால் டேங்க் ஆபரேட்டர் வீடு எது என்று தெரியும். தலைவரை நாமே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம், அதுவும் கட்சிச் சின்னம் இல்லாமல். ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்தக் கூட்டத்தில் வாக்காளர் யாரும் எழுந்து நின்று வரவு செலவைக் கேட்கலாம். கேட்டவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கேட்க ஒரு நாளும் ஓர் இடமும் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தலைவர் பதவி சுழற்சி முறையில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. காலனிப் பெண் ஒருவர் ஊருக்கே தலைவராக உட்கார்ந்து காசோலையில் கையெழுத்துப் போடுவதை இந்த ஒதுக்கீட்டைத் தந்த ஊராட்சிச் சட்டம்தான் சாத்தியமாக்கியது. ஊராட்சி கலைந்தால் அந்த நாற்காலியும் போய்விடும். மாநகராட்சியிலும் இடஒதுக்கீடு உண்டு, ஆனால் அது நம் ஊருக்கு வரும் என்று எந்த உறுதியும் இல்லை. சேரலாம் என்று கை தூக்கும் முன் இதை யோசிக்காதவர்கள் முழுக் கணக்கைப் போடவில்லை.

சரி, பலவீனம் என்ன? காசும் ஆளும். ஊராட்சியின் சொந்த வருமானம் வீட்டு வரி, தொழில் வரி, இன்னும் சில சில்லறைக் கட்டணங்கள். வீட்டு வரிக்கு இணையாக அரசு தரும் மானியம் ஒன்று உண்டு. மாநிலத்தின் சொந்த வரி வருவாயிலிருந்து உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தரும் பங்கில் ஒரு துளி வரும். மத்திய நிதிக்குழு மானியத்திலும் பெரும்பகுதி குடிநீர், சுகாதாரம் என்று கட்டிப்போட்டே வரும். ஆட்கள் என்று பார்த்தால் ஓர் ஊராட்சி செயலர் (ஊரில் இன்னும் கிளார்க் என்றுதான் கூப்பிடுகிறோம்), சில டேங்க் ஆபரேட்டர்கள், தூய்மைக் காவலர்கள். பொறியாளர் ஒன்றிய அலுவலகத்தில் இருப்பார், அவர் கையில் எத்தனையோ ஊராட்சிகள்.

இருபது ஆண்டுகளுக்கு முன் இது போதும். அப்போது எங்கள் ஊரில் வயல் அதிகம், வீடு குறைவு. கழிவுநீர் கொல்லையில் வாழைக்குப் போகும். இன்று மனைப்பிரிவு மேல் மனைப்பிரிவு. ஒவ்வொன்றும் தன் கம்பிவேலிக்குள் ஒழுங்காகத்தான் இருக்கிறது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் உண்டு, சாலைகளையும் பூங்கா இடத்தையும் தானப்பத்திரம் மூலம் ஊராட்சிக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மனைப்பிரிவின் சாலை பக்கத்து மனைப்பிரிவின் சுவரில் முட்டி நிற்கிறது. ஒன்றின் வடிகால் முடியும் இடத்தில் இன்னொன்றின் வடிகால் தொடங்குவதில்லை. நடுவில் இருக்கும் பாசன வாய்க்காலில் எல்லாம் விழுகிறது. ஒப்புதல் இல்லாமல் விற்ற மனைகளின் நிலை இன்னும் மோசம். அங்கீகாரமில்லா மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டிப் பலர் பத்திரத்தைச் சரிசெய்துகொண்டார்கள். பத்திரம் சரியானதே தவிர, தண்ணீர் ஓட வழி பிறக்கவில்லை.

இப்போது தெருவுக்குத் தெரு செப்டிக் டேங்க் லாரி. மழைக்காலத்தில் கூப்பிட்டால் வரிசையில் காத்திருக்க வேண்டும். எடுத்துப்போவதை எங்கே கொட்டுகிறார்கள் என்று விசாரித்தால் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பல வருடமாகிறது. திருச்சி மாவட்டத்தில் வாய்க்கால் என்பது வெறும் பள்ளம் கிடையாது. உய்யக்கொண்டான் ஓராயிரம் ஆண்டு வயதுடைய வாய்க்கால், நகரத்துக்குள் நுழைந்து வெளியேறுவதற்குள் அது என்ன பாடுபடுகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் பெருகி நகரின் மேற்குப் பகுதிகளை மூழ்கடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். தண்ணீருக்கு ஊராட்சி எல்லையும் மாநகராட்சி எல்லையும் தெரியாது. மேட்டில் இருப்பவர் அடைத்தால் பள்ளத்தில் இருப்பவர் வீட்டில் ஏறும்.

இந்த வேலையை ஒரு கிளார்க்கும் நான்கு டேங்க் ஆபரேட்டர்களும் செய்ய முடியாது. தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முடியாது. எங்களுக்குக் கடைசியாகத் தலைவராக இருந்தவர் நல்லவர்தான். முயன்றும் பார்த்தார்.

பேரூராட்சி கேட்டால்

இதை நான் சீக்கிரமே தள்ளிவிட்டேன், ஆனால் விரும்புகிறவர்களின் காரணம் நியாயமானது. பேரூராட்சி என்றால் முழுநேரச் செயல் அலுவலர் ஒருவர் இருப்பார், நமக்கென்று ஒரு மன்றம் இருக்கும், ஊர் பெயர் பலகையில் நிற்கும். நகர்ப்புறத் திட்ட நிதியும் வரும்.

இங்கே ஒரு பழைய கதையை நினைவுபடுத்த வேண்டும். 2004இல் தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சிகள் என்று மாற்றினார்கள். கிராமம் என்று பெயர் இருந்தால் மத்திய அரசின் ஊரக நிதி கிடைக்கும் என்பதுதான் காரணம். 2006இல் திரும்பவும் பேரூராட்சி ஆக்கினார்கள். இரண்டு வருடத்தில் பலகை இரண்டு முறை மாறியது, ஊர் அதே ஊராகத்தான் இருந்தது. எந்தப் பெயருக்கு எந்த நிதி என்ற கணக்கில் மட்டும் ஊரின் வடிவத்தை முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும்.

தொட்டியம், புள்ளம்பாடி போன்ற ஊர்களுக்குப் பேரூராட்சி பொருந்தும். தனக்கென்று கடைத்தெரு, சுற்றிலும் அந்த ஊரை நம்பி வரும் கிராமங்கள். எங்கள் ஊர் அப்படி இல்லை. வேலை, பள்ளி, ஆஸ்பத்திரி, காய்கறி எல்லாம் திருச்சிக்குள். தனிப் பேரூராட்சி ஆனால் நூறு நாள் வேலை போய்விடும், நகர வரி வந்துவிடும், பாதாளச் சாக்கடை மட்டும் வராது. சுத்திகரிப்பு நிலையம் கட்டி, குழாய் பதித்து, கடன் அடைக்கும் சக்தி ஒரு சிறு பேரூராட்சிக்கு இருக்காது. தவிர, மாநகர ஓரத்துப் பேரூராட்சி எத்தனை நாள் தனியாக நிற்கும்? திருவெறும்பூர் பேரூராட்சியாக இருந்து 2011இல் திருச்சியோடு சேர்ந்தது. அதே ஆண்டு கோவை மாநகராட்சி 3 நகராட்சிகளையும் 7 பேரூராட்சிகளையும் ஓர் ஊராட்சியையும் சேர்த்துக்கொண்டு 105 சதுர கிலோமீட்டரிலிருந்து சுமார் 257 ஆகப் பெருகியது. பேரூராட்சியாக நின்று சேர்வதைவிட, நிபந்தனை பேசும் நிலையில் இருக்கும்போதே சேர்வது மேல்.

மாநகராட்சியில் சேர்ந்தால்

திருச்சி நகராட்சி 1866இல் தொடங்கியது. ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 1994இல் மாநகராட்சி ஆனது. 2011இல் திருவெறும்பூரும் அதை ஒட்டிய ஊராட்சிகளும் வந்தன. 2025 அறிவிப்புக்கு முன் 65 வார்டு, 5 மண்டலம், 167 சதுர கிலோமீட்டர். ஆக இந்த நகரம் எப்போதுமே பக்கத்து ஊர்களைச் சேர்த்துச் சேர்த்துத்தான் வளர்ந்திருக்கிறது. இன்று ஸ்ரீரங்கத்துக்காரர் யாரும் நகராட்சி போய்விட்டதே என்று அழுவதில்லை, தன் ஊர்ப் பெயரையும் விடவில்லை.

மாநகராட்சியிடம் பொறியியல் பிரிவு இருக்கிறது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் நீர் எடுக்கும் கட்டமைப்பு இருக்கிறது. பெரிய கடன் வாங்கவும், அம்ருத் போன்ற நகர்ப்புறத் திட்டங்களில் நிதி பெறவும் முடியும். ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைக்கிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்குக் கணக்கு 135 லிட்டர். அந்தத் தண்ணீர் எல்லாம் கழிவாகி எங்கே போகும் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டிய ஒரே அமைப்பு இவற்றில் மாநகராட்சிதான்.

ஆனால் சேர்ந்த மறுவருடமே குழாய் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோவையில் 2011இல் சேர்ந்த குறிச்சி, குனியமுத்தூர் பகுதிகளில் பாதாளச் சாக்கடைக்காகத் தெருக்களைத் தோண்டும் வேலை பத்தாண்டு கழித்தும் நடந்துகொண்டிருந்தது. அதுவரை நகர வரி கட்டிக்கொண்டே செப்டிக் டேங்க் லாரியையும் கூப்பிட்டார்கள். மாநகராட்சிக்குள் இருந்தால் மட்டும் குரல் எடுபடும் என்றும் நினைக்க வேண்டாம். அரியமங்கலம் நகருக்குள் இருக்கும் பகுதிதான். 47 ஏக்கர் குப்பைக் கிடங்கின் புகையைச் சுற்றியிருந்த மக்கள் பல பத்தாண்டுகள் சுவாசித்தார்கள். குப்பையை அகழ்ந்து பிரிக்கும் வேலை பிற்பாடுதான் தொடங்கியது.

பிரதிநிதித்துவம் இன்னும் கசப்பான பகுதி. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி மக்கள் தொகை 8.47 லட்சம். 65 வார்டுக்கு வகுத்தால் ஒரு கவுன்சிலருக்குச் சராசரியாகப் பதின்மூவாயிரம் பேர். எங்கள் ஊரை முழுதாகக் கொட்டினாலும் ஒரு வார்டு நிரம்பாது. மேயரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்கள் மேயருக்கு நேராக ஓட்டுப் போட்டார்கள். 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள்தான் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றாட நிர்வாகம் அரசு அனுப்பும் ஆணையரின் கையில். மன்றம் தீர்மானம் போடலாம், நிறைவேற்றுவது ஆணையர். நல்ல ஆணையர் வந்தால் நகரம் ஓடும், அவர் மாற்றலாகிப் போனால் பாதியில் நிற்கும். இதைத்தான் என் பழைய கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஒன்று மட்டும் சொல்வேன். தேர்தலே நடக்காதபோது இரண்டும் ஒன்றுதான். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது, அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி வரை இல்லை. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் ஊராட்சிகளுக்குத் திரும்பவும் தனி அலுவலர் வந்தார். கையெட்டும் தூரத்தில் தலைவர் என்று நாம் பெருமைப்படுவது, நாற்காலியில் ஆள் இருக்கும் வரைக்கும்தான்.

வரியும் நூறு நாள் வேலையும்

2022 ஏப்ரலில் நகர்ப்புறச் சொத்து வரி உயர்ந்தது. திருச்சி போன்ற நகரங்களில் வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. 2024இல் மேலும் 6 விழுக்காடு. ஊராட்சியில் ஆண்டுக்கொரு முறை கட்டுவதை மாநகராட்சியில் அரையாண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டும். காலிமனைக்கும் வரி உண்டு, குடிநீர், சாக்கடை இணைப்புக்கு முன்வைப்புத் தொகையும் உண்டு. சும்மா கிடக்கும் காலிமனைக்கு வரி விழுவதை நான் வரவேற்கிறேன். புதர் மண்டி பாம்பு வரும் மனைகளுக்கு இதுவரை ஊர்தான் விலை கொடுத்தது. ஓட்டு வீட்டில் இருக்கும் பெரியவருக்கு அரையாண்டு வரி பாரம், அதை மறுக்கவில்லை. ஆனால் செப்டிக் டேங்க் லாரிக்கும் தண்ணீர் கேனுக்கும் ஒரு வருடம் கொடுத்ததை எழுதிக் கூட்டிப் பாருங்கள். எங்கள் தெருவில் நான்கைந்து வீட்டார் கூட்டினோம். வரி கூடுவதை நினைத்துப் பயந்தவர்கள் அப்புறம் கொஞ்சம் அமைதியானார்கள்.

நூறு நாள் வேலைக்கு அப்படி ஒரு பதில் கிடையாது. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் கிடைத்தால் 33,600. அத்தனை நாளும் கிடைக்காவிட்டாலும், அது பெண்கள் கையில் நேராக வரும் பணம். திட்டத்தின் பெயரும் நாள் கணக்கும் எப்படி மாறினாலும் அது ஊரகப் பகுதிக்கு மட்டும்தான். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் குடிசைக்குப் பதிலாகக் கல்வீடு கட்டத் தரும் மூன்றரை லட்சமும் ஊரகத்துக்குத்தான். நகரத்துக்கென்று ஒரு வேலைவாய்ப்புத் திட்டத்தை மாநில அரசு 2022இல் சோதனை முறையில் தொடங்கியது, ஆனால் எல்லா இடங்களுக்கும் அது வரவில்லை. ஆக, சேர்வதால் வரும் நன்மை மனைப்பிரிவில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும், நட்டம் காலனியிலும் பழைய தெருவிலும் இருப்பவர்களுக்கும் போகிறது. பெரும்பான்மை கை தூக்கியது என்பதால் இது சரியாகிவிடாது.

வரைபடம் யார் கையில்

இவ்வளவு பேசியும் ஒரு கேள்வி பாக்கி. நாளைக்கு எங்கே சாலை, எங்கே பள்ளி, எந்த ஏரியைத் தொடக்கூடாது என்று முடிவு செய்வது யார்? அரசியலமைப்பில் 1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகள் இருக்கின்றன. முதலாவதே நகரமைப்புத் திட்டமிடல்தான். ஆனால் தமிழ்நாட்டில் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) என்பது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி திட்டக் குழுமங்கள் வழியாக வருகிறது. மாநகராட்சி மன்றம் அதைப் போடுவதில்லை. கோவையின் முழுமைத் திட்டம் 1994இல் ஒப்புதல் பெற்றது, அடுத்தது வெளிவர 2025 ஆனது. அந்த முப்பது வருடத்தில் நகரம் சும்மா இருந்ததா? காளப்பட்டியும் சரவணம்பட்டியும் வளர்ந்து முடிந்த பிறகு வரைபடம் வந்தது.

சேர்ந்துவிட்டால் திட்டமும் தானாக வந்துவிடும் என்பது எங்கள் கட்சியில் பலருடைய நினைப்பு. அது தவறு. ஊராட்சியாக இருந்தாலும் மாநகராட்சியாக இருந்தாலும் நாம் கேட்க வேண்டியது விரிவு அபிவிருத்தித் திட்டம். சர்வே எண் வாரியாக இணைப்புச் சாலையும் வடிகாலும் திறந்தவெளியும் அதில்தான் குறிக்கப்படும். வரைவு வெளியானால் ஆட்சேபணை சொல்ல அவகாசம் உண்டு. அந்த நாட்களில் மனை வணிகர்கள் தவறாமல் போய் மனு கொடுக்கிறார்கள். நாமும் போக வேண்டும், கையில் எஃப்.எம்.பி. என்னும் நில அளவை வரைபடத்தோடு.

என் முடிவு

பாதிக்கு மேல் வயலாக இருக்கும் ஊராக இருந்தால் ஊராட்சியாகவே இருங்கள் என்பேன். வாய்க்காலும் ஏரியும் உயிரோடு இருக்கும்வரை கிராம சபைதான் அவற்றுக்குப் பாதுகாப்பு. எங்கள் ஊர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. கழிவுநீருக்கு வழி செய்யாமல் இன்னும் பத்தாண்டு ஓட்டினால், ஊராட்சி என்ற பெயர் மிஞ்சும், குடிக்கும்படி ஒரு கிணறு மிஞ்சாது. அதனால் சேரலாம் என்கிறேன்.

ஆனால் வெறுங்கையோடு சேரக்கூடாது. கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது என்பது தெரியும். இணைப்பை அறிவிப்பது அரசு, நமக்கு ஆட்சேபணை தெரிவிக்கும் உரிமை மட்டும். இருந்தாலும் எழுத்தில் இருப்பது பின்னால் வழக்குக்கும் பேச்சுக்கும் உதவும். நான் எழுதிக் கொடுத்த வரைவில் நான்கு கோரிக்கைகள் இருக்கின்றன. ஏரி, வாய்க்கால், மந்தை, சுடுகாடு எல்லாவற்றையும் சேரும் முன்பே அளந்து கல் நட வேண்டும். பாதாளச் சாக்கடை வரும்வரை எங்கள் பகுதியை மிகக் குறைந்த வரி மண்டலத்தில் வைக்க வேண்டும். ஊரை இரண்டு வார்டாகக் கிழிக்காமல் ஒரே வார்டுக்குள் வைத்து, 2022இல் வந்த விதிப்படி, வார்டுக்குள் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையை எங்கள் ஊரிலேயே கூட்ட வேண்டும். நான்காவது, இப்போது நூறு நாள் வேலை அட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தில் வேலை.

நான்காவது கோரிக்கை முதலில் என் வரைவில் இல்லை. எதிர்வீட்டு அக்காவிடம் தாளைப் படித்துக் காட்டியபோது அவர் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, எனக்கு இதுல என்ன இருக்கு?" அன்றிரவே சேர்த்தேன். அடுத்த கிராம சபையில் அதை முதல் கோரிக்கையாகப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அப்படியே செய்யப்போகிறேன்.